வயதாகும் மூளையும் வன்னிச் சோற்றுக்கோப்பையும்

வன்னியில் ஒரு வயோதிபர் வீட்டுக்குப் போகும் வழியை மறந்து சந்தியில் திகைத்து நின்றால், "அவருக்கு அறளை பெயர்ந்திட்டுது, வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வயது போன எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. எந்தக் காணியின் எல்லை எங்கே போகிறது, யாருடைய கலியாணம் எந்த ஆவணியில் நடந்தது என்று தொண்ணூறு வயதிலும் பிசகாமல் சொல்லும் ஆச்சிமார் நம்மிடையே இருக்கிறார்கள். ஒருவரின் பெயர் உடனே வாயில் வராமல் கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்தால் அது வயதின் இயல்பு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, நாற்பது வருடம் சமைத்த கறிக்கு அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் நிற்பது, பழகிய ஒழுங்கையில் வழி தவறுவது, இவை மூளையைப் பிடித்த வருத்தத்தின் அறிகுறிகள். முதுமை மறதி என்றும் டிமென்ஷியா என்றும் சொல்வது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேர் இதனுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 60 முதல் 70 வீதமானவர்களுக்கு இருப்பது அல்சைமர் என்ற வகை. மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது இன்னொரு முக்கியமான வகை. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

மூளையின் எடை சுமார் ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. உடம்பின் எடையில் அது ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 வீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துச் சாப்பிடும் வழக்கம் மூளைக்குக் கிடையாது. சீனியும் ஒட்சிசனும் இரத்தத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும், சில நிமிடம் தடைப்பட்டாலும் கலங்கள் சாகத் தொடங்கும். இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளத்தில் தண்ணீர் நிரம்பி நின்றாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைசி வயல்தான் முதலில் காயும். மூளையின் ஆழத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. உயர் இரத்த அழுத்தமும், கட்டுப்பாடில்லாத சீனி வருத்தமும், கெட்ட கொலஸ்ட்ரோலும் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் அவற்றைத் தடிக்க வைக்கின்றன, அடைக்கின்றன.

மூளையைப் பாதுகாக்கும் உணவு என்று நான் சொல்வதன் பெரும்பகுதி இதுதான்: இரத்தக் குழாயைக் கெடுக்காத சாப்பாடு. மூளைக்கென்று தனியாக ஒரு மாயக் கீரையோ மாத்திரையோ கிடையாது. இதயத்துக்கு எது நல்லதோ அதுவே மூளைக்கும் நல்லது.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, 2024இல் முதுமை மறதிக்கான மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 வீதமான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. அந்தப் பட்டியலில் உணவு தனிக் காரணமாக இல்லை. ஆனால் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொலஸ்ட்ரோல், உடற்பருமன், அளவுக்கு மீறிய மது ஆகிய ஐந்தும் இருக்கின்றன. ஐந்தும் வாய் வழியாக உள்ளே போவதோடு சம்பந்தப்பட்டவை. மிச்சத்தையும் பாருங்கள்: தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, படிப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகைத்தல், உடல் உழைப்பின்மை, காற்று மாசு. யுத்தத்தைக் கடந்து வந்த வன்னியில் தலைக்காயத்தோடும் மனச்சோர்வோடும் தனிமையோடும் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கு மறதி வந்தால் "சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான்" என்று பழி சொல்வது அநியாயம். சாப்பாடு நம் கைக்கு எட்டும் ஒரு காரணம், அவ்வளவுதான்.

இன்னொன்று, இது கிழவர்களுக்கான விஷயம் மட்டும் இல்லை. அல்சைமரில் மூளைக்குள் நடக்கும் மாற்றங்கள், மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடுகின்றன. நடுவயதில் வரும் பிரஷர்தான் பின்னாளில் அதிகம் உதைக்கிறது. ஆகவே இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயதில் இருப்பவர்கள் இதைத் தங்களுக்காகவே வாசிக்க வேண்டும்.

சரி, கோப்பைக்கு வருவோம்.

சோற்றை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, விடவும் தேவையில்லை. அளவும் அரிசியும் மாறினால் போதும். தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை விடத் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும் சிவப்புக் குத்தரிசி நல்லது. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டில் இருக்கும் விற்றமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். நார்ச்சத்து இருப்பதால் இரத்தத்தில் சீனி திடீரென்று ஏறாது. இரவில் சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டோ குரக்கன் ரொட்டியோ சாப்பிடலாம். ஆனால் குரக்கன் என்பதற்காக மூன்று நீத்துப்பெட்டி புட்டு சாப்பிட்டால் கணக்கு ஒன்றுதான்.

நம் கோப்பையில் பெரும்பாலும் சோறு மலையாகவும் கறி ஓரமாகவும் இருக்கும். அதைத் திருப்பிப் போடுவதுதான் நான் முதலில் கேட்பது. பாதிக் கோப்பை மரக்கறியும் இலைக்கறியும், கால் பங்கு சோறு, மிச்சக் கால் பங்கில் பருப்போ பயறோ கௌப்பியோ மீனோ முட்டையோ.

இலைக்கறியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மறதியும் உணவும் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னுக்கு வருவது பச்சை இலைகள்தான். போலேட் என்ற பி வகை விற்றமின், விற்றமின் கே, லூட்டீன் என்ற நிறச்சத்து எல்லாம் அவற்றில் நிறைந்திருக்கின்றன. வெளிநாட்டுக் கட்டுரைகள் கேல், ஸ்பினாச் என்று எழுதும். நமக்கு முருங்கை வேலியில் நிற்கிறது. வயல் வரம்பில் பொன்னாங்காணி, கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, வளவில் அகத்தி. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத சாப்பாட்டில் இவ்வளவு சத்து இருக்கும்போது, அதை ஆட்டுக்குக் குழை போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோமே என்று எனக்கு உண்மையிலேயே கவலை.

போலேட் நீண்ட நேரச் சூட்டிலும், அவித்து ஊற்றும் தண்ணீரிலும் போய்விடும். ஆகவே நம் வறைதான் சரியான பக்குவம். முருங்கையிலையை நெட்டில்லாமல் உருவி, கழுவி, நீரை வடியவிடுங்கள். தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கிய பிறகு இலையைப் போட்டு, மஞ்சளும் கொஞ்சமாக உப்பும் சேர்த்து மூடி வையுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் இலை சுருண்டு, நிறம் மட்டும் பச்சையாகவே நிற்கும். அப்போது ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவைப் பிரட்டி இறக்கிவிட வேண்டியதுதான். இலை கறுக்கும் வரை அடுப்பில் விடாதீர்கள். வல்லாரையை நன்றாகக் கழுவிப் பச்சையாகவே சம்பல் போடலாம், தேசிப்புளி கடைசியில். வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும் என்று பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் அதை உறுதியாகக் காட்டவில்லை. இருந்தாலும் அது நல்ல இலைக்கறி, அந்தக் காரணமே போதும்.

மீனில் விலை கூடியதுதான் சத்துக் கூடியது என்று நினைக்காதீர்கள். மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புக்கு முக்கிய இடம் உண்டு. அது அதிகம் இருப்பது சூடை, சாளை, கும்பளா போன்ற எண்ணெய்ப் பிடிப்பான மீன்களில். முல்லைத்தீவுக் கரையில் சூடை வலை நிறைந்து வரும் நாளில் அதை விட மலிவான மூளைச் சாப்பாடு வேறில்லை. சின்ன மீன் என்பதால் பாதரசம் சேர்ந்திருக்கும் பயமும் குறைவு. கிழமைக்கு ஒன்றிரண்டு முறை குழம்பாகவோ அவியலாகவோ சாப்பிடலாம். பொரித்தால் எண்ணெயின் அளவு ஏறிவிடும். குளத்து மீனில் ஒமேகா-3 குறைவு, ஆனால் நல்ல புரதம் இருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி விழுங்கினால் ஞாபகசக்தி காக்கப்படும் என்பதற்குப் பெரிய பரிசோதனைகளில் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

ஒரு கைப்பிடி கச்சான் தினமும் நல்லது. முறிகண்டியில் பஸ் நின்றால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்குகிறோமே, அதே வறுத்த கச்சான்தான், உப்புப் போடாதது. பல்லில்லாதவர்களுக்கு இடித்துக் கொடுக்கலாம், எள்ளுருண்டையிலும் சேர்க்கலாம், சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து. பழம் என்றால் நீலநிறப் பெரிப் பழங்களைத் தேடி ஓட வேண்டாம். அவற்றின் நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் நம் நாவற்பழத்திலும் இருக்கிறது.

இப்போது குறைக்க வேண்டியவை. முதலில் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு நான்கு தரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி என்று வைத்தால் பன்னிரண்டு கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 48 கிராம். சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்தினால் மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேத்தண்ணியிலேயே ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. இன்னும் பிஸ்கட், பணிஸ், சோடா எதையும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே நாளில் சீனியை நிறுத்தினால் இரண்டு நாளில் பழையபடி வந்து நிற்போம். மாதத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதும் இனிப்புத்தான், அதற்கும் அளவு வேண்டும்.

அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி, 5 கிராமுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். கறிக்குப் போடுவதோடு கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மிக்ஸர் என்று நினைக்காத இடங்களிலெல்லாம் உப்பு வருகிறது. உப்புக் கூடினால் பிரஷர் கூடும், பிரஷர் கூடினால் அந்த மெல்லிய குழாய்கள் அடிபடும். அமெரிக்காவில் 2019இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், மேல் அழுத்தத்தை மருந்தால் 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம் லேசான நினைவுக் குறைபாடு குறைவாகவே வந்தது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தலை சுற்றவில்லை என்பதற்காகப் பிரஷர் குளிசையை நீங்களே நிறுத்துவது மூளைக்குச் செய்யும் பெரிய கெடுதி.

தேங்காய் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் அல்சைமரைக் குணப்படுத்தும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. வறைக்குத் தேங்காய்ப்பூ போடுவதும், முதற்பாலும் இரண்டாம்பாலுமாக மூன்று கறிக்கு ஊற்றி, அதற்கு மேல் தேங்காய் எண்ணெயில் பொரிப்பதும் ஒன்றல்ல. ஒரு நேரத்துக்கு ஒரு பால்கறி போதும். தாளிக்க நல்லெண்ணெயைக் கொஞ்சமாகப் பாவிக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. சிக்காகோவில் உள்ள ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மொரிஸ் தலைமையிலான குழு, மைண்ட் உணவுமுறை என்று ஒன்றை வகுத்தது. இலைக்கறி, பருப்பு வகை, கொட்டைகள், பெரிப் பழங்கள், தவிடு நீக்காத தானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டி, வெண்ணெய், சீஸ், சிவப்பு இறைச்சி, இனிப்பு, பொரியல் ஆகியவற்றைக் குறைப்பது அது. 2015இல் வந்த முடிவில், அந்த முறையோடு மிக நெருங்கிச் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் வரும் ஆபத்து 53 வீதம் குறைவாக இருந்தது. ஆனால் அது மக்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வு. நன்றாகச் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் படித்தவர்களாகவும், நடப்பவர்களாகவும், புகைக்காதவர்களாகவும் இருப்பார்கள். எது எதனால் வந்தது என்று முழுதாகப் பிரிக்க முடியாது. அப்புறம் 604 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் இந்த உணவுமுறையைக் கொடுத்து மூன்று வருடம் பரிசோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தபோது இரண்டு குழுவுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மற்றக் குழுவினரும் அளவைக் குறைத்துச் சாப்பிட்டு எடை குறைந்திருந்தார்கள், மூன்று வருடம் போதாமலும் இருந்திருக்கலாம்.

பின்லாந்தில் நடந்த ஃபிங்கர் பரிசோதனை வேறு மாதிரி. 60 முதல் 77 வயது வரையான 1,260 பேர், இரண்டு வருடம். ஒரு குழுவுக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சீனி கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் நினைவும் சிந்தனைத் திறனும் மற்றக் குழுவை விடக் கொஞ்சம் கூடுதலாக முன்னேறின. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் உண்மையானது. ஆகவே சோற்றுக்கோப்பையை மட்டும் மாற்றிவிட்டு நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் போதாது. நடை வேண்டும், ஆட்களோடு கதை பேச்சு வேண்டும்.

இனி வயதானவர்கள் உள்ள வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. விற்றமின் பி12 குறைந்தாலும் மறதி, குழப்பம், கால் விறைப்பு, நடை தள்ளாட்டம் வரும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். பி12 மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் ஆகியவற்றில்தான் இருக்கிறது, இலைக்கறியில் இல்லை. சுத்த சைவமாக இருந்து பால் தயிரும் எடுக்காதவர்களுக்கு இது குறையும். வயது போகப் போக வயிற்றில் அமிலம் குறைவதால், சாப்பிட்டாலும் உடம்பில் சேராமல் போகும். சீனி வருத்தத்துக்கு மெட்போமினையும் நெஞ்செரிவுக் குளிசையையும் பல வருடமாக எடுப்பவர்களுக்கும் குறையலாம். குளிசையை விடச் சொல்லவில்லை, "பி12 பார்க்க வேண்டுமா?" என்று கிளினிக்கில் கேளுங்கள். தைரொயிட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சைவக்காரருக்கு வன்னி எருமைத் தயிர் ஒரு கோப்பை நல்ல துணை. கள்ளும் கசிப்பும் அளவு மீறிக் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி1 வற்றிப்போய் நினைவே நிரந்தரமாகக் கெடலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்க, தனித்திருக்கும் அம்மம்மாவும் அப்புவும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாராவது பார்க்கிறோமா? தொலைபேசியில் "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்றால் "ஓம் ராசா, சாப்பிட்டாச்சு" என்பார்கள். காலையில் பாணும் தேத்தண்ணியும், மத்தியானம் நேற்றைய குழம்போடு கொஞ்சச் சோறு, இரவில் இரண்டு பிஸ்கட். ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்ட மனம் வராது. பல் விழுந்ததால் கீரையும் இறைச்சியும் கச்சானும் கோப்பையை விட்டுப் போயிருக்கும். "என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேளுங்கள், பதில் வேறாக இருக்கும். அனுப்பும் காசில் ஒரு பங்கைப் பல் கட்டுவதற்கு என்று ஒதுக்கினாலும் அது மூளைக்குச் செய்யும் உதவிதான். பக்கத்து வீட்டில் சேர்ந்திருந்து ஒரு நேரம் சாப்பிட ஒழுங்கு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, சத்தும் சேரும், தனிமையும் குறையும்.

வயது போனவர்களுக்குத் தாகம் எடுப்பது குறையும். கோடை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பு வற்றினால் ஒரே நாளில் புத்தி தடுமாறும். திடீரென்று வரும் குழப்பம் மறதி நோய் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம். அதேபோல, சீனிக் குளிசை போட்டுவிட்டு விரதம் பிடிப்பது. இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கினால் மூளைதான் முதலில் தவிக்கும். கந்தசஷ்டியோ நவராத்திரியோ, தொடங்குவதற்கு முன்பே டொக்டரிடம் சொல்லிக் குளிசையின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒரே கோப்பை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக வருத்தம் பரவியுள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இலைக்கறி, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் சில வேளைகளில் ஆபத்தாகும், பருப்பிலும் மீனிலும் அளவு பார்க்க வேண்டி வரலாம். அவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்து எதையும் கூட்ட வேண்டாம், கிளினிக்கில் சொன்னபடி நடக்கட்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் இலைக்கறியை ஒரு கிழமை நிறைய, மறு கிழமை இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறதி ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு எந்தச் சாப்பாடும் அதைத் திருப்பி எடுக்காது. அவருக்கு வேண்டியது கட்டுப்பாடு இல்லை, எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. எண்பது வயதில் கொழுப்பு, உப்பு என்று பயந்து அவர் விரும்பும் முட்டையையும் பாலையும் பறிக்க வேண்டாம். சாப்பிட்டதை மறந்து திரும்பக் கேட்டால் சண்டை பிடிக்காமல் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் கஞ்சியோ கொடுங்கள். கரண்டியும் கோப்பையும் குழப்பினால் சோற்றை உருண்டையாகப் பிடித்துக் கையில் கொடுக்கலாம். மீனை முள் இல்லாமல் ஆய்ந்து வையுங்கள். விழுங்கும்போது இருமினால் அல்லது புரையேறினால் அதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள். மாதம் ஒரு தரம் கிளினிக்குக்குப் போகும்போது எடையை அட்டையில் குறித்து வாங்குங்கள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் அதை அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.